ஞாயிறு கணக்கில் வராது

...ஐந்து மணி நேரத்தில் பாதி, பத்தில் கால், பதினைந்தில் அரைக்கால், இப்படித் தேய்ந்துகொண்டே போகுமே தவிர முற்றாக இல்லாமல் போவதே கிடையாது, முப்பத்தோரு ஆண்டுகளாகப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த வளைகோட்டைக் கரும்பலகையில் இழுத்துக் காட்டிய வேதியியல் ஆசிரியர் வால்டர், இன்று அதே கோடு தன் இரத்தத்துக்குள் இறங்குவதை, அடையாறு கிளினிக்கின் நீல நாற்காலியில் உட்கார்ந்தபடி அளந்துகொண்டிருந்தார். கடைசிச் சிகரெட் பன்னிரண்டு பத்துக்கு, லஸ் முனையில், தேநீர்க் கடையின் பின்பக்கம். இப்போது ஐந்து இருபது. அப்போது பன்னிரண்டு இருந்திருந்தால் இப்போது ஆறு, அதற்கும் சற்றுக் குறைவு. பதினான்கு இருந்திருந்தால் ஏழு... பன்னிரண்டா பதினான்கா என்று யார் சொல்வது? உள்ளே டாக்டரின் மேசைமேல் ஒரு கருவி இருக்கிறது, கைப்பேசி அளவுதான், அட்டைக் குழாயைச் செருகி, மூச்சை அடக்கி ஊதினால் மூச்சில் எவ்வளவு கார்பன் மோனாக்சைடு என்று எண்ணாகக் காட்டிவிடும், ஆறும் அதற்கு மேலும் என்றால் புகைத்தவன், ஆறுக்குக் கீழே என்றால் புகைக்காதவன், இடையில் ஒரு வகுப்பு கிடையாது. இன்று நான்கு சிகரெட்டோடு நிறுத்தியது நல்லதாயிற்று என்று ஒரு கணம் மகிழ்ந்தார், மகிழ்ந்ததைக் கண்டு கூசினார், நான்கோடு நிறுத்தியவன் என்று தன்னைப் பாராட்டிக்கொள்ளும் நிலைக்கு வந்தாயிற்றா? மணமற்றது, நிறமற்றது, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்கு இறுக்கமாக இரத்தத்தைப் பற்றிக்கொள்வது என்று வகுப்பில் சொல்லும்போது, காதல் மாதிரியா சார் என்று ஒரு பையன் கேட்டு, எல்லோரும் சிரித்து, அவரும் சிரித்தார். சட்டைப் பையில் அப்போதும் ஒரு பாக்கெட் இருந்தது.

"என்னங்க, உதடு அசையுது, செபமாலையா சொல்றீங்க?" என்றாள் பக்கத்து நாற்காலியிலிருந்த நோரா. ஆமாம் என்று தலையை ஆட்டினார், அவள் முகம் மலர்ந்தது, முப்பது ஆண்டு மனைவியை மகிழ்விக்க இவ்வளவு சின்னப் பொய் போதும் என்பது எத்தனை கசப்பான வசதி. அவள் மடியில் மஞ்சள் பிளாஸ்டிக் கோப்பு, அதற்குள் அவருடைய இடது காலின் படங்கள், படங்களுக்கு அடியில் அறுவை மருத்துவர் கேட்டனுப்பிய சீட்டு. தொடையிலிருந்து கீழே இரத்தம் போகும் வழி அடைத்துக்கொண்டுவிட்டது. பள்ளியிலிருந்து கச்சேரி சாலை முனைக்கு எண்ணி இருநூறு அடி, இருநூறாவது அடியில் கெண்டைக்கால் சதை கல்லாக இறுகும், நின்றுவிடுவார், நிற்பதை மறைக்கக் கடைப் பலகைகளைப் படிப்பது போல் பாவனை செய்வார், அந்தச் சாலையின் எல்லாப் பலகைகளும் அவருக்குத் தொலைபேசி எண்ணோடு மனப்பாடம். மாற்றுக் குழாய் ஒன்று வைத்துத் தைத்தால் நடக்கலாம். ஆனால் அறுவை மருத்துவர் பூசி மெழுகாமல் சொன்னார், "சிகரெட் பிடிக்கிற ஆளோட கால்ல நான் கத்தி வெக்க மாட்டேன் சார். ஆறே மாசத்துல அதுவும் அடைச்சிக்கும். அப்புறம் காலை எடுக்கறதுக்குத்தான் என்கிட்ட வரணும்." நிறுத்திவிட்டார் என்று இந்தக் கிளினிக்கின் டாக்டர் ஜுவேரியா கடிதம் எழுதித் தரவேண்டும், இன்று எழுதினால் ஈஸ்டர் முடிந்த வாரமே அறுவை. வரும் வழியில், திரு.வி.க. பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்றபோது, ஆட்டோக்காரர் பீடியைப் பற்றவைக்கப் போக, நோரா அவர் தோளைத் தட்டி, "அண்ணே, எங்க வீட்டுக்காரர் விட்டுட்டாரு, அவர் மூஞ்சில ஊதாதீங்க" என்றாள். "அட, எப்பிடி சார் வுட்டீங்க? நமக்கு இன்னா பண்ணாலும் வரமாட்டேங்குது" என்று ஆட்டோக்காரர் பீடியைக் காதில் செருகிக்கொண்டார். வால்டர் ஆற்றைப் பார்த்தார். மாத்திரை என்று நோரா பதில் சொன்னாள், மாத்திரைதான் அண்ணே, காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, பன்னெண்டு வாரம், தவறாம.

தவறாமல்... பதினாறு நாட்கள் தவறவில்லை என்பது உண்மை. முதல் வாரம் புகைத்துக்கொண்டே மாத்திரை, எட்டாம் நாள் சிகரெட் நிறுத்தம், அதன்பின் ஒன்பது நாட்கள். அந்த ஒன்பது நாட்களும் எப்படிப் போயின? குமட்டல் இருந்தது, விசித்திரக் கனவுகள் இருந்தன, ஆனால் ஏக்கம் இல்லை. பல்லைப் பிடுங்கிய இடத்தை நாக்கு துழாவுவது போல் கை சட்டைப் பைக்குப் போகும், அங்கே ஒன்றும் இல்லை என்று கண்டு திரும்பும், அவ்வளவுதான், நாற்பதாண்டுப் பழக்கம் வாசலில் செருப்பைக்கூடத் தேடாமல் இறங்கிப் போய்விட்டது. இவ்வளவு எளிதா? அந்த எளிமைதான் அவரை அவமதித்தது. பிறகு திருநீற்றுப் புதன் வந்தது, ஃபாதர் நெற்றியில் சாம்பல் இட்டார், தவக்காலம் தொடங்கியது, நாற்பது நாளும் ஏதேனும் ஒன்றை விடவேண்டும், சிலர் இறைச்சியை விடுவார்கள், சிலர் காபியை, சிலர் தொலைக்காட்சித் தொடரை. வால்டர் முழந்தாளிட்டபடி சிகரெட்டை ஒப்புக்கொடுத்தார். ஒப்புக்கொடுத்த மறுகணமே ஒரு கேள்வி எழுந்தது, வகுப்பில் கடைசி வரிசைப் பையன் எழுந்து நிற்பது போல: வேண்டாத பொருளை விடுவது எப்படி ஒறுத்தலாகும்? பசியைக் கொன்றுவிட்டு உபவாசம் இருப்பதா? ஆசையை மாத்திரை எடுத்துக்கொண்டுவிட்டது, ஆண்டவருக்குக் கொடுக்கத் தன்னிடம் என்ன மிச்சம்? வீடு திரும்பும் வரை அந்த எண்ணம் அழகாக வளர்ந்தது, அவருக்கு அழகாக வளரும் எண்ணங்கள்மேல் எப்போதும் ஒரு பலவீனம் உண்டு. அன்றிரவே மாத்திரையை நிறுத்துவது என்று தீர்மானித்தார். நோராவிடம் சொல்லவில்லை, ஒறுத்தலை விளம்பரப்படுத்தக் கூடாது என்று மறைக்கல்வி வகுப்பில் படித்தது வசதியாகக் கைகொடுத்தது.

நிறுத்துவதற்கும் ஒரு தேர்ச்சி வேண்டியிருந்தது, ஏனெனில் நோரா மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கித் தன் கையாலேயே நீட்டுவாள், நின்று பார்ப்பாள். அவள் விரல்கள் வாயருகே வரும்போது ஆமென் என்று சொல்லத் தோன்றும். சின்ன வயதில் நற்கருணையை நாவில் வாங்கப் பழக்கியிருந்தார்கள், பல் படக்கூடாது, மெல்லக்கூடாது, அது தானாகக் கரையும் வரை நாக்கை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும், அந்தப் பயிற்சி ஐம்பது ஆண்டு கழித்து இப்படியா பயன்பட வேண்டும்... மாத்திரையைக் கடைவாய்க்கும் கன்னத்துக்கும் இடையில் ஒதுக்கி, தண்ணீரை முழுக்கக் குடித்து, டம்ளரைத் திருப்பிக் கொடுத்து, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதாகப் பால்கனிக்குப் போய்க் குரோட்டன்ஸ் தொட்டியில் துப்புவார். அதற்குள் மேல்பூச்சு கரைந்து கசப்பு தொண்டைவரை இறங்கியிருக்கும். அதையும் ஒறுத்தலில் சேர்த்துக்கொண்டார். அடுத்த பதினொரு நாட்கள், சொல்லப்போனால், அவர் வாழ்வின் மிகச் சிறந்த நாட்கள். ஏக்கம் திரும்பி வந்தது, பழைய கடன்காரனைப் போல அல்ல, உரிமையுள்ள மருமகனைப் போல வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்தது, சாக்பீஸைக் கடித்துத் துப்பினார், ஆய்வக உதவியாளரை ஒரு பிப்பெட்டுக்காக அழ வைத்தார், ஆனாலும் தொடவில்லை, ஒவ்வொரு மாலையும் சாந்தோம் கடற்கரையில் நின்று இன்றும் தொடவில்லை, எந்த மாத்திரையும் இல்லாமல் தொடவில்லை என்று தனக்குத்தானே அறிவித்துக்கொள்வார், அந்த அறிவிப்பின் போதை எந்தச் சிகரெட்டிலும் இருந்ததில்லை. அந்தப் பெருமையை யாரிடமும் சொல்ல முடியவில்லை என்பதுதான் குறை. உண்மையான குறை அதுதானா? இப்போது யோசிக்கையில்...

நோராவின் கைப்பேசி ஒலித்தது, கொட்டிவாக்கத்திலிருந்து மகள் சான்ட்ரா, "டாக்டரப் பாத்தாச்சான்னு கேக்கறா, உள்ள சிக்னல் இல்ல, இதோ வந்துடறேன்" என்று நோரா வெளியே போனாள். அவள் எழுந்ததும், எதிர் வரிசையில் கிராம்பை மென்றுகொண்டிருந்த பெரியவர் அவள் நாற்காலிக்கே நகர்ந்து வந்தார், பேர் ஸ்ரீரங்கன், மந்தைவெளி, கேட்காமலே சொல்லிக்கொண்டார். "நீங்களும் புகை கேஸ்தானே? உதட்டைப் பாத்தா தெரியறது. நேக்கு இது மூணாவது தடவை, ஆத்துல ஒருத்தருக்கும் நம்பிக்கையே போயிடுத்து. இந்த மாத்திரை இருக்கே, அப்படிக் குமட்டறது. நேத்து மாம்பலம் பஸ்ஸுல ஜன்னல் வழியா வாந்தி எடுத்துட்டேன், கண்டக்டர் திட்டறான், இந்த வயசுல காலங்கார்த்தாலயே குடியான்னு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அப்படியானால் நிறுத்தியிருக்கலாமே என்று வால்டர் கேட்டார், தன் குரலில் ஓர் ஆவல் ஒட்டியிருந்ததை உணர்ந்தார், இன்னொருவனும் நிறுத்தியிருக்க வேண்டும் என்ற ஆவல். "நிறுத்தறதாவது! என் சாமர்த்தியத்தைத்தான் ரெண்டு தடவை பாத்தாச்சே ஓய், அது சல்லிக்குப் பெறாது. இந்த வாட்டி மாத்திரை பாடு, அந்தச் சனியன் பாடுன்னு விட்டுட்டேன். வாந்தி வந்தா வரட்டும், முழுங்கிண்டு போயிண்டே இருக்கேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "சொப்பனம் வர்றதோ உங்களுக்கு?" வால்டர் வருகிறது என்றார், ஒன்பது நாட்களில் வந்த ஒரு பழைய கனவை எடுத்துச் சொன்னார், வகுப்பு நடுவே சாக்பீஸ் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பற்றவைத்துப் புகைக்கிறார், பிள்ளைகள் குறிப்பெடுத்துக்கொள்கிறார்கள். "பேஷ்!" என்று ஸ்ரீரங்கன் தொடையில் தட்டிச் சிரித்தார். இனி ஒருபோதும் பார்க்க வாய்ப்பில்லாத ஒரு மனிதரிடம்கூட மாத்திரை சாப்பிடுகிறவனாக நடிக்க வேண்டியிருக்கிறதே... இவர் எத்தனை கேவலத்தோடு அதை விழுங்குகிறார், பேருந்து முழுக்கப் பார்க்க வாந்தியெடுத்துவிட்டு மறுவேளையும் விழுங்குகிறார், தனக்கென்று ஒரு சாமர்த்தியம் இல்லை என்பதைக் கடைத்தெருவில் கூவிவிட்டு எப்படி இவ்வளவு சுகமாகச் சிரிக்க முடிகிறது? இரக்கப்பட முயன்றார். வந்தது பொறாமை.

பன்னிரண்டாம் நாள் ஞாயிறு. அங்கேதான் எல்லாம் கெட்டது, அல்லது அங்கே கெட்டதாகச் சொல்லிக்கொள்வது வசதி. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை எண்ணினால் நாற்பத்தாறு நாள் வரும், நாற்பது வருவதற்கு ஆறு ஞாயிறுகளை விலக்க வேண்டும், ஞாயிறு உயிர்ப்பின் நாள், அன்று ஒறுத்தல் கிடையாது, ஆகவே ஞாயிறு கணக்கில் வராது. இதை அவருக்குச் சொன்னது எந்தக் குருவும் அல்ல, அப்பா ஃபிரெட்ரிக், துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், ஆண்டு முழுக்கப் பிராந்தி குடித்துவிட்டுத் தவக்காலத்தில் மட்டும் விடுவார், வாரத்தில் ஆறு நாள் உண்மையாகவே தொடமாட்டார், ஏழாம் நாள் முதல் பூசை முடிந்து வந்ததும் பாட்டிலைத் திறந்து, "சாமியே லீவு குடுத்துருக்காரு, நீ யாருடி கேக்கறதுக்கு?" என்று அம்மாவைக் கேட்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள், அம்மா சிரித்ததாக நினைவில்லை. அந்த இரண்டாம் ஞாயிறு மாலை, கடற்கரையில், பதினொரு நாள் வெற்றியின் உச்சியில், அப்பாவின் வாதம் அப்பாவின் குரலிலேயே வந்தது. ஒன்றே ஒன்று. விதிப்படி அனுமதிக்கப்பட்டது. திங்களன்று தொடவில்லை, சனி வரை தொடவில்லை, ஆகவே விதி வேலை செய்கிறது என்று நிறுவப்பட்டதாயிற்று. மூன்றாம் ஞாயிற்றுக்கு முந்தைய சனிக்கிழமை மாலைத் திருப்பலிக்குப் போனார், சனி மாலைப் பூசை கண்டால் ஞாயிற்றுக் கடமை தீர்ந்தது என்று திருச்சபையே சொல்கிறதே, அப்படியானால் ஞாயிறு சனி மாலையே பிறந்துவிடுகிறது என்றுதானே பொருள்? சனி மாலை இரண்டு, ஞாயிறு ஐந்து. திங்கள் காலை ஒன்று, அது ஞாயிற்றின் மிச்சம். செவ்வாய்க்கு எந்த இறையியலும் கிடைக்கவில்லை, இறையியல் இல்லாமலே பிடித்தார். நாளை மறுநாள் சூசையப்பர் பெருவிழா, பெருவிழாவன்றும் ஒறுத்தல் இல்லை என்பது இன்று நான்காவது சிகரெட்டின்போது நினைவுக்கு வந்தது, வந்தபோது ஏற்பட்ட சின்ன மகிழ்ச்சியை எந்த அமிலம் ஊற்றிக் கழுவுவது? மாத்திரையை மறுபடி தொடங்கியிருக்கலாம், தொட்டி வரை போகாமல் தண்ணீரோடு உள்ளே அனுப்பியிருக்கலாம், கைக்கெட்டும் தூரத்தில்கூட அல்ல, வாயிலேயே இருந்தது, நாள்தோறும் இரண்டு வேளை வாயிலேயே இருந்தது. விழுங்கவில்லை. இன்று காலையும் விழுங்கவில்லை. ஏன்? விழுங்கினால் அந்தப் பதினொரு நாட்களும் பொய்யாகிவிடும் என்றா?

"பதினாலு! பதினாலு யாருப்பா? இன்னா சார், எத்தினி வாட்டி கூவறது, நீங்க பாட்டுக்குக் கத பேசிக்கினு கீறீங்க" என்று கதவருகில் நின்ற வேலம்மா அதட்டினாள், கிளினிக்கில் டோக்கன் கூப்பிடுவதிலிருந்து நாற்காலி துடைப்பது வரை அவள்தான். "டாக்டரம்மா நோம்பு, ஆறு மணிக்கு மேல ஒருத்தரையும் உள்ள வுட மாட்டேன், சொல்லிட்டேன்." நோரா ஓடிவந்து அவர் முழங்கையைப் பிடித்தாள். எழுந்தபோது கெண்டைக்கால் ஒருமுறை சுண்டியது. உள்ளே டாக்டர் ஜுவேரியா, வயது முப்பத்தைந்துக்குள்தான் இருக்கும், உதடுகள் வறண்டிருந்தன, ஆனால் குரலில் களைப்பில்லை. "இன்னும் எத்தன நாள் டாக்டர் நோன்பு?" என்று நோரா கேட்க, "மூணு நாள்தாம்மா, பிறை தெரிஞ்சா பெருநாள்" என்றாள் டாக்டர், பிறகு வால்டரைப் பார்த்து, "நோம்பு வைக்கிற பேஷண்ட்டுங்க சில பேர் மாத்திரைய நிறுத்தலாமான்னு கேப்பாங்க சார். நேரத்த மாத்தி விடியறதுக்கு முன்னாடி சஹர்ல ஒண்ணு, நோம்பு தொறந்து ஒண்ணுன்னு எழுதிக் குடுப்பேன். நிறுத்தறதுக்கு மட்டும் நான் ஒத்துக்கறதில்ல" என்றாள், யாரையோ பற்றிப் பேசுவது போலத்தான், ஆனால் அவர் சட்டைக்குள் வியர்த்தது. அட்டைக் குழாயை நீட்டினாள். மூச்சை இழுத்து, பதினைந்து விநாடி அடக்கி... பதினைந்து விநாடி என்பது எவ்வளவு நீளம், அதற்குள் சொல்லிவிடலாம், ஊதுவதற்கு முன்பே சொல்லிவிட்டால் அது ஒப்புதல், ஊதியபின் சொன்னால் பிடிபட்டவனின் வாக்குமூலம், ஒப்புரவு அருட்சாதனத்தில்கூட முன்வந்து சொல்பவனுக்குத்தானே மன்னிப்பு... பன்னிரண்டா, பதினான்கா? ஊதினார். எண் ஏறியது. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஐந்தில் நின்றது.

"அஞ்சு!" என்றாள் டாக்டர், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து. "முதல் தடவை எவ்வளவு தெரியுமா சார்? இருபத்தாறு." நோரா சிலுவை போட்டுக்கொண்டாள், அவள் கண்கள் நிறைந்துவிட்டன, கோப்பைத் திறந்து அறுவை மருத்துவரின் சீட்டைத் தேடினாள், விரல்கள் தவறின. கணக்கு சரியாக வந்துவிட்டது, பன்னிரண்டுதான் இருந்திருக்கிறது, முப்பத்தோரு ஆண்டு கற்பித்த பாடம் முதன்முறையாக ஒரு பலனைக் கொடுத்திருக்கிறது, பொய்யை மெய்யாக்கும் பலனை. கடிதம் எழுதப்படும், கால் அறுக்கப்படும், குழாய் வைக்கப்படும், ஆறு மாதத்தில்... அந்தப் பயம் வந்து முடிவதற்குள் டாக்டர் பேசத் தொடங்கினாள். "இதுக்குத்தான் சார் தலைபாடா அடிச்சிக்கறேன். பாதிப் பேர் மூணாவது வாரமே நிறுத்திடறாங்க, அதான் சரியாயிட்டோமேன்னு. நீங்க ஒழுங்கா எடுத்தீங்க, மாத்திரை தன் வேலையச் செஞ்சிருக்கு. எல்லாம் மாத்திரையோட மகிமை." மாத்திரை தன் வேலையைச் செய்திருக்கிறது! வால்டருக்குள் ஏதோ ஒன்று முள்ளம்பன்றி போல் சிலிர்த்தது. எந்த மாத்திரை? குரோட்டன்ஸ் தொட்டியில் கிடக்கும் மாத்திரையா? பதினொரு நாட்கள் தனியொருவனாக நின்றவன் இங்கே உட்கார்ந்திருக்க, தொட்டி மண்ணில் கரைந்த பூச்சுக்கா மகிமை? இந்த ஐந்து என்பது வெறும் மணிக்கணக்கு, அதற்கும் அந்தப் பதினொரு நாட்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது, தெரிந்திருந்தும் சினம் தணியவில்லை.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா டாக்டர்?" என்றாள் நோரா, கண்ணைத் துடைத்துக்கொண்டே, வெட்கத்தோடு சிரித்தபடி. "வெறும் வயித்துல போடக் கூடாதுன்னு சொன்னீங்கள்ல. இவர் தவக்காலம் பூரா ஆறரைப் பூசைக்குப் போவாரு, நற்கருணை வாங்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே சாப்பிட்டு முடிச்சாகணும் எங்களுக்கு. அப்ப அஞ்சே முக்காலுக்குள்ள டிபன் வேணும். அதனால இந்த வருஷம் நான் வேற ஒறுத்தல் எதுவும் எடுக்கல. கறி மீனெல்லாம் எப்பவும் விடறதுதானே. இந்த முட்டிய வெச்சிக்கிட்டு நாலரைக்கு எழுந்து அடுப்புகிட்ட நிக்கறேன் பாருங்க, அதான் என் ஒறுத்தல்னு அன்னிக்கே சாமிகிட்ட சொல்லிட்டேன். வலி உயிர் போவும். அதுக்கு இது போதும் டாக்டர், இந்த அஞ்சு போதும்." டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். வால்டர் பார்க்கவில்லை. நான்கு வாரம், காலைதோறும், இட்லியும் பொங்கலும் ரவா உப்புமாவும், அவர் சாப்பிட்டார், சட்னியில் உப்பு கூடுதல் என்று ஒருநாள் சொல்லவும் செய்தார், ஏன் இவ்வளவு விடியலில் என்று ஒருநாளும் கேட்கவில்லை. தன் காணிக்கை தூயதாக இருக்கவேண்டும் என்பதற்காக இன்னொருத்தியின் காணிக்கையைத் தினமும் இருவேளை துப்பியிருக்கிறார், பால்கனியில், செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற பாவனையில். அவள் முழங்கால்களைப் பார்த்தார், சேலைக்குள் ஒன்றும் தெரியவில்லை.

"சார், லெட்டர்ல எழுதறதுக்காகக் கேக்கறேன்" என்றாள் டாக்டர், பேனாவைத் தாளில் ஊன்றி. "ஒரு வேளையும் விடலையே?" ஒரு வேளைகூட இல்லை டாக்டர் என்று நோரா முந்திக்கொண்டாள். "நீங்க இருங்கம்மா, சார் வாயால சொல்லட்டும்." சொல்லிவிடுவது என்று வால்டர் முடிவு செய்தார், இப்போது, இந்த நொடி, முட்டி வலிக்க நின்றவளுக்காகவேனும் முழுவதையும் சொல்லிவிடுவது. "இல்ல டாக்டர். மாத்திரைய நான் நிறுத்திட்டேன். விபூதி புதன் அன்னிக்கே. நாலு வாரமா ஒண்ணுகூடச் சாப்பிடல."

டாக்டர் கருவியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி கருவியின் எண்ணைப் பார்த்தாள். "நாலு வாரமா? மாத்திரையே இல்லாமலா இந்த அஞ்சு?" அது கண்டனம் என்றுதான் முதலில் நினைத்தார், இல்லை, அவள் புருவம் உயர்ந்திருந்தது, கண்களில் வியப்பு, இத்தனை நாட்களாகக் கடற்கரையில் அலைகளிடம் மட்டும் அறிவித்துக்கொண்டிருந்த செய்திக்கு முதன்முறையாக ஒரு மனித முகம் விரிந்து பதில் சொல்கிறது, மார்பில் இளஞ்சூடாக ஏதோ பரவியது, முதல் இழுப்பைப் போல. "அப்ப, காலையில நான்..." என்று நோரா தொடங்கினாள். முடிக்கவில்லை. அவர் பக்கம் திரும்பவும் இல்லை, கோப்பிலிருந்து எடுத்த சீட்டை மடிப்பின்மேல் மடிப்பாக நீவிக்கொண்டிருந்தாள், கொடுப்பதா வைத்துக்கொள்வதா என்று தெரியாதவள் போல. டாக்டர் கைநீட்டி அதை வாங்கிக்கொண்டாள். "எங்ககிட்ட சொல்லாம நிறுத்தினது தப்புதான் சார், கட்டாயம் தப்புதான். ஆனா உண்மையச் சொல்லணும்னா, உங்க மனவுறுதி..." என்று தலையை அசைத்துவிட்டு எழுதத் தொடங்கினாள்.

சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதுதான் வால்டரைத் திகைக்க வைத்தது, பரிசளிப்பு விழாவில் மாநில அளவில் முதலிடம் பெற்ற மாணவனின் பெயரை வாசிக்கும் குரலிலல்லவா அதைச் சொன்னோம்? பிசுபிசுத்த கலவையிலிருந்து மினுங்குகிற படிகத்தை மட்டும் பிரித்தெடுத்துக் கண்ணாடித் தட்டில் வைத்துக் காட்டுவது போல, மெய்யில் தனக்குப் பெருமை தரும் பாதியைப் பிரித்துக் கொடுத்தாயிற்று, மற்றப் பாதி, லஸ் முனையும், சனி மாலையும், பன்னிரண்டு பத்தும், அப்படியே அடியில் நிற்கிறது. மன்னிப்புக் கேட்பதாக நினைத்துக்கொண்டு கைதட்டல் கேட்டிருக்கிறோமா? நோரா எழுந்து சன்னல் பக்கம் போய் நின்றுவிட்டாள், வெளியே பெசன்ட் நகர் பேருந்து ஒன்று நின்று கிளம்பியது. பேனா மூன்றாவது வரிக்கு வந்துவிட்டது, இன்னும் இரண்டு வரி, பிறகு தேதி, பிறகு கையெழுத்து. இன்றைக்கும் நாலு பிடிச்சேன் டாக்டர். நான்கே சொற்கள். சொல்வதற்கு நேரம் இருந்தது, நா வறளவில்லை, தடுப்பவர் எவருமில்லை, அப்படியும் தான் எதற்காகக் காத்திருக்கிறோம் என்று வால்டர் தன்னைத்தானே கேட்டுக்கொண்டார், கேட்டபடியே டாக்டரின் உதடுகளைக் கவனித்துக்கொண்டிருந்தார், உங்க மனவுறுதி என்று தொடங்கிய வாக்கியத்தை அவள் இன்னும் முடிக்கவில்லை.